ஆளுக்குப் பச்சைக் கட்டம்

மே ஒன்றாம் தேதி, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். கருங்குழிப் பங்குக் கோயிலில் அன்றைய காணிக்கைப் பவனிக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தொழில் கருவியைப் பீடத்துக்குக் கொண்டுபோய், மைக்கில் ஒரே ஒரு வரியில் தன் வேலையைச் சொல்ல வேண்டும். "கொத்தனாரு, வூடு கட்றேன்" என்று சொல்லிக் கரணையை வைப்பார்கள். அதற்கு மேல் பேசினால் ஃபாதர் இருமுவார்.

ஆல்வினுக்கு அந்த ஒரு வரிதான் பேஜாரு. செங்கல்பட்டு தாண்டி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவன் பார்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருந்தது. வேலைதான் என்னவென்று ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. பேரூராட்சித் துப்புரவுப் பணியாளரான அம்மா மார்கரெட், கேட்பவர்களிடம் "ஏசி ரூம்ல கீறான்" என்று சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி என்று நினைத்துப் பலர் நலம் விசாரித்தார்கள்.

வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஆட்டோக்கார ஸ்டான்லி, அவன் கையிலிருந்த கம்ப்யூட்டர் மவுஸை முறைத்தார்.

"இத்த வெச்சிகினு இன்னாடா பண்ணுவ?"

"படத்து மேல கட்டம் போடுவேன் அண்ணாத்த."

"அதுக்கு சம்பளம் வேற குடுக்கறானா? மவராசன்! குந்திகினு கட்டம் போடறதெல்லாம் உழைப்பா? போயி பாட்டுக்குழுவுல நில்லு."

ஆல்வின் நகரப் பார்த்தான். மார்கரெட் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள். "எனக்குப் பின்னாடி எம் புள்ள வரும். நீ ஆட்டோ சாவிய எடுத்துகினு லைன்ல நில்லு."

பளபளக்கும் பட்டை தைத்த வேலைச் சட்டையோடு அவள் முன்னால் போனாள். "மார்கரெட். ரோடு பெருக்கறேன்." குனிந்து துடைப்பத்தை வைத்தாள்.

மைக் ஆல்வின் முன்னால் இருந்தது. மனப்பாடம் செய்த ஆங்கிலப் பெயர் மறந்துபோயிற்று. குனிந்த அந்த முதுகு மட்டும் தெரிந்தது. ஆபீஸ் திரையில் அவன் பார்க்கும் விடியற்காலைச் சாலைப் படங்களில் ஓரமாக, மங்கலாகத் தினமும் வருகிற முதுகு. மங்கலா இருந்தா வுட்டுடு, ஸ்பீடுதான் முக்கியம் என்பார் டீம் லீடர். அவன் விட்டதில்லை. அதனால் ஆபீசில் எப்போதும் கடைசி இடம்.

"டிரைவர் இல்லாத வண்டிக்குக் கண்ணு பழக்கறேன்," என்றான். "எங்கம்மா மாதிரி குனிஞ்சி பெருக்கறவங்கள அந்த மிஷினு கம்பம்னு நெனச்சிக்கும். சுத்திப் பச்சைக் கட்டம் போட்டு, இது ஆளு, நில்லுன்னு சொல்லித் தர்றேன். ஒருத்தரையும் வுட மாட்டேன்."

ஒரு வரி எப்போதோ முடிந்திருந்தது. ஃபாதர் இருமவில்லை.

ஸ்டான்லி சாவியை வைத்துவிட்டுத் திரும்பும்போது ஆல்வின் காதோரம் குனிந்து கேட்டார்: "ஆட்டோவுக்கும் கட்டம் உண்டா?"

"உண்டு அண்ணாத்த. மஞ்சக் கலரு. ஆளுக்கு அப்புறம்தான்."

ஸ்டான்லி யோசித்தார். "அதுவும் சரிதான்."

பூசை முடிந்து பொங்கல் வாங்கும் இடத்தில், புதிதாகக் குடிவந்த ஒரு பெண் மார்கரெட்டிடம் மகனின் உடல்நிலையை விசாரித்தாள்.

"அவனுக்கு இன்னா? கல்லு மாதிரி கீறான்." மார்கரெட் சட்டைப் பட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டாள். "ஆளுங்கள ஆளுன்னு சொல்ற வேலை. எல்லாராலயும் முடியாது."