லைனிங் துணி ஆறு

ஆல்டரேஷன் அக்கா வெட்டுத்துணிகளில் தைத்துச் சுவரில் மாட்டியிருந்த ஆறு, ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெருகத் தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் அது அடங்கி ஒடுங்கித்தான் கிடந்தது. தையல் கடையில் பேன்ட் இடுப்பைப் பிடிப்பதும் கால் நீளத்தைக் குறைப்பதும் அவள் வேலை. மிஞ்சும் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துவருவாள். கணவர் பேருந்து ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு போய்ப் படுக்கையோடு படுக்கையானவர். ஜன்னலை அடைத்துக்கொண்டு பக்கத்தில் நாலு மாடிக் கட்டடம் எழும்பியபின் அவருக்குப் பார்க்கச் சுவர்தான் மிச்சம். "இந்தச் செவுரு என்ன எனக்கு மச்சானா, எந்நேரமும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடக்க?" என்று அவர் சலித்துக்கொண்ட அன்றுதான் அவள் தைக்க உட்கார்ந்தாள். கோட்டுத் துணியில் மலை, கார்டுராயில் உழுத நிலம், கிழிந்த கொசுவலையில் பனி, நீல லைனிங் துணியில் ஆறு. கரையில் ஒரு வீடு இருந்தால் நன்றாயிருக்கும் என்றார் கணவர். தூரத்து நகரத்தில் தனியாக வேலை பார்த்த மகளின் சின்ன வயது மஞ்சள் கவுனை வெட்டி வீடு வைத்தாள்.

வியாழனன்று ஆறு ஒரு விரல்கடை ஏறியது. சனிக்கிழமை மகள் போன் செய்தாள். "அம்மா, வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணிம்மா. இந்த ஊர்ல ஆறே கெடையாது, எங்கேருந்து வருதுன்னே தெரியல." அம்மா திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் வீட்டின் படி நீலத்துக்குள் போயிருந்தது. மறைக்காமல் சொன்னாள். "ஆத்தப் பிரிச்சிடும்மா" என்றாள் மகள்.

பிரித்தாள். சாயங்காலத்துக்குள் நூல் தானே கோத்துக்கொண்டது. வீட்டைப் பெயர்த்து மலைமேல் வைக்கப் பார்த்தாள்; துணிதான் கிழிந்தது, வீடு அசையவில்லை. ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து அணை தைத்தாள். ஒன்பது நாள் தாங்கி, பத்தாம் நாள் இழை இழையாகப் போயிற்று. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். ஆனால் எந்த ஊரில் படுத்தாலும் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் நின்றது. இரண்டு விடுதிகளில் வெளியே போகச் சொன்னார்கள். பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டாள். "ஒரு முனையப் புடிச்சுக்கக்கூட என்னால எந்திரிக்க முடியலையே" என்று கணவர் அழுதார். அவர் கண்ணைத் துடைத்துவிட்டு அம்மா ஊசியில் நூல் கோத்தாள். ஆற்றை நிறுத்த முடியாது, வீட்டை உயர்த்த முடியும் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. தலையணை உறையில் ஒரு மாடி, ஜன்னல் திரையில் ஒரு மாடி, தன் புடவைகளில் மூன்று. இங்கே அவள் தைத்து முடித்ததும் அங்கே மகள் சாமான்களை மேலே தூக்கிப் போவாள்.

ஆறு வருடத்தில் வீடு மலையையும் பனியையும் தாண்டி உத்தரத்தை நெருங்கியது. மகளின் தெருவில் படகு விட்டார்கள். தபால்காரர் துடுப்புப் போடப் பழகிக்கொண்டார். அம்மாவின் விரல்கள் வீங்கி மடங்காமல் போயின. கடையும் மூடியாயிற்று.

"பதினோராவது மாடிக்கு வீட்டுல துணியே இல்லடி" என்றாள் போனில்.

"அவசரமில்லம்மா. தண்ணி இன்னும் ரெண்டு படி கீழதான் இருக்கு."

கேட்டுக்கொண்டிருந்த கணவர், படுத்தபடியே, போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.