கைகளை எண்ணும்வரை

பழனியம்மாவுக்குக் கட்சியில் இடம் கிடைத்தது அவள் வாயால்தான் என்று கோலார் தங்க வயலின் ராபர்ட்சன்பேட்டை கடைக்காரர்கள் சொல்வார்கள். பொய். குழாயால் கிடைத்தது. ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் ஒரு கோடை முழுக்க ஒழுங்காக வரவில்லை. கட்சிக் கிளைத் தலைவர் பாண்டுரங்கனிடம் மனுக் கொண்டுபோன ஆண்களுக்கெல்லாம் ஒரு டீயும் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லும் கிடைத்தன. பழனியம்மா மனு எழுதவில்லை. லைன் பெண்களைக் காலிக் குடங்களோடு கூட்டிப்போய், முகூர்த்த மாதத்தில், அவருடைய ஜவுளிக்கடை வாசலை அடைத்து உட்கார வைத்தாள். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் குடங்களைத் தாண்ட முடியாமல் எதிர்க் கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது.

அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் அவள் பழனியம்மா இல்லை. தண்ணீர் வாங்கத் தெரிந்தவர்களுக்கு நாற்காலியும் வாங்கத் தெரியும் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. கட்சியில் அதுவரை பஜார்க்காரர்கள்தான் உறுப்பினர்கள்; சுரங்கத்து ஆட்கள் கொடி பிடிக்க மட்டும். ஒரே வருடத்தில் லைன் பெண்கள் அத்தனை பேரும் உறுப்பினர் ஆனார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி அவர்களைச் சேர்த்தது சரோஜா.

சரோஜா பழனியம்மாவின் அடுத்த வீட்டுக்காரி. கல்யாணமாகி இரண்டு வருடம். புருஷன் ரத்தினம் சுரங்கத்தில் பாறை துளைக்கும் கூட்டத்தில் வேலை பார்த்தான். பழனியம்மா "ஒக்காரு" என்றால் சரோஜா உட்காருவாள். சரோஜா உட்கார்ந்தால் லைனே உட்காரும். அந்தப் பெண்ணின் மேல் எல்லோருக்கும் அப்படியொரு பிரியம். பழனியம்மாவின் மேல் இருந்ததோ பயம். இரண்டும் சேர்ந்துதான் கட்சியை அசைத்தன.

ஒருமுறை அசையாமலும் போயிற்று. கிளைக் கமிட்டித் தேர்தலில் கைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாண்டுரங்கனின் ஆட்கள் பின்பக்கமாக மூட்டை தூக்குகிறவர்களை உள்ளே ஓட்டி வந்தார்கள். யாரென்றே தெரியாத கைகள் உயர்ந்தன. பழனியம்மா தோற்றாள். தோற்ற கையோடு கோலாருக்குப் பஸ் ஏறி, மாவட்ட ஆபீசில் கத்தி, ஒரு விதியை வாங்கிக்கொண்டு வந்தாள். கூட்டம் ஆரம்பித்ததும் கதவைச் சாத்த வேண்டும். கைகளை எண்ணி முடிக்கும்வரை யாரும் உள்ளே வரக்கூடாது. வெளியே போனவர்களுக்கு ஓட்டு இல்லை. பாண்டுரங்கன் ஒரு சண்டையும் போடாமல் ஒத்துக்கொண்டார். அதிலேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்?

அடுத்து நகரசபைத் தேர்தல் வந்தது. அந்த வார்டில் கட்சி வேட்பாளர் யார் என்று கிளை உறுப்பினர்கள் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டும். ஒரு பக்கம் பாண்டுரங்கன், இன்னொரு பக்கம் பழனியம்மா. கோலாரிலிருந்து கங்காதரன் என்ற மாவட்டச் செயலாளர் கூட்டம் நடத்த வந்தார். அன்று மாலைக்குள் பெயர் பெங்களூர் போய்ச் சேர வேண்டும் என்றார். பகல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த நேரம்; லைன் ஆண்கள் பாதிப்பேர் கீழே சுரங்கத்தில், மீதிப்பேர் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூக்கத்தில். அதனால் கட்சி ஆபீசில் ஒருபுறம் பஜார் ஆண்கள், மறுபுறம் லைன் பெண்கள் என்று நிரம்பியது. கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

கங்காதரன் பேச எழுந்தபோது தரை அதிர்ந்தது. மேசைமேல் இருந்த டம்ளர் நகர்ந்து விளிம்புக்கு வந்தது. அப்படி அதிர்வது தங்க வயலில் புதிதல்ல. கீழே ஆழத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது.

ஷிப்ட் மாறும் சங்கு எப்போது ஊதும் என்று அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். நேரம் தவறி ஊதினால் கீழே ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். அந்தச் சங்கு கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். அடுப்பில் இருப்பது கருகட்டும். சோப்புப் போட்ட குழந்தை அப்படியே நிற்கட்டும். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் போய் நிற்பதால் யாரையும் காப்பாற்ற முடியாதுதான். ஆனால் கேஜ் கூண்டில் மேலே வருகிறவன் கண்ணைத் திறந்தால் தன் வீட்டு முகத்தைத் தேடுவான். அதற்காக நிற்பார்கள். ஓடாமல் இருந்த பொம்பளை என்று அந்த ஊரில் அதுவரை ஒருத்தியும் கிடையாது.

சரோஜா எழுந்துவிட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள்.

"அய்யா, கூட்டத்த நாளைக்கு வெச்சிக்கலாம்" என்றாள் பழனியம்மா.

கங்காதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "முடியாதும்மா. இன்னிக்குப் பேர் போகலேன்னா இந்த வார்டே கட்சிக்கு இல்லே."

பாண்டுரங்கனின் முகத்தில் அப்படியொரு கருணை. "பாவம், போறவங்க போகட்டும். கதவத் தொறந்து வுடுங்கப்பா. ஓட்டா பெருசு? உசுருதானே பெருசு" என்றார். அவருடைய ஆட்களுக்கு யாரும் கீழே இல்லை. அவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போய்த் தாழில் கை வைத்தான்.

பழனியம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. அவள் வாங்கி வந்த விதி அவள் கழுத்திலேயே விழுந்திருந்தது. இந்தக் கதவு திறந்தால் நாற்காலிக்குப் போகும் கதவு இனி அவள் வாழ்நாளில் திறக்காது. அவள் நேரே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"ஒக்காருங்க எல்லாரும்."

"அக்கா, அவரு உள்ள கீறாரு" என்றாள் சரோஜா.

"ஏன், எம் புருஷன் எங்க கீறாரு? மாந்தோப்புலயா? அவரும் அதே ஷிப்டுதான், அதே லெவல்தான். நான் நிக்கல? நீ போயி அங்க இன்னா பண்ணப்போற? பாறையத் தூக்கப்போறியா? ஒரு கை தூக்கிட்டு ஓடிடு. ஒக்காரு சரோ."

சரோஜா கதவைப் பார்த்தாள். பழனியம்மாவைப் பார்த்தாள். இவள் புருஷன் சின்னப்பா மாமாவும் கீழே இருக்கும்போது இவளே நிற்கிறாளே என்று நினைத்தாள். உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாய்விட்டு அழுதவர்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள்.

பாண்டுரங்கன் அதோடு விடுவாரா? ஒரு கை தூக்கிவிட்டு ஓடுவதென்றால் ஓடட்டும், அந்தக் கையைத் தூக்குவதற்குள் போதும் போதும் என்றாக்கிவிட்டார். போன கமிட்டிக்கு நன்றித் தீர்மானம் என்றார். அது முடிந்ததும் அவர் ஆள் ஒருவன் எழுந்து தலைமையைப் பாராட்டிப் பேசினான். வெளியே சங்கு நின்று நின்று ஊதிக்கொண்டிருந்தது. தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. பேத்தமங்களாவில் காலமான பழைய கட்சிக்காரர் ஒருவருக்கு அனுதாபத் தீர்மானம் என்றார் பாண்டுரங்கன். எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும். தாங்கள் ஒருநாளும் பார்த்திராத ஒரு கிழவருக்காக அந்தப் பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள். புருஷன்மார்களுக்காக ஊதிய சங்கு ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. மனுஷன் இப்படியும் இருப்பானா என்று கேட்காதீர்கள். இருந்தார், கதர்ச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார்.

கடைசியில் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். கங்காதரன் இரண்டு முறை எண்ணினார். பழனியம்மா பதினொரு கை கூடுதலாக வாங்கி ஜெயித்தாள். கைதட்ட யாரும் நிற்கவில்லை. கதவு திறந்ததும் பெண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார்கள். சரோஜா முன்னால் ஓடினாள்.

ஷாப்ட் வாசலில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். அங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சின்னப்பா நின்றிருந்தார். கால்சட்டையில்லை, சுரங்கத் தொப்பியில்லை, மேலில் ஒரு துளி மண்ணில்லை. கட்டியிருந்தது வீட்டு லுங்கி.

"மாமா, நீங்க மேல வந்துட்டீங்களா? அவரு எங்க?"

சின்னப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எங்கம்மா கீழ போனேன்? ரெண்டு நாளா ஜுரம். வூட்லதான் படுத்துங்கெடந்தேன். சங்கு கேட்டுதான் ஓடியாந்தேன்."

பின்னால் மூச்சு வாங்க வந்து நின்ற பழனியம்மாவைச் சரோஜா திரும்பிப் பார்க்கவில்லை. "அவரு எங்க மாமா?"

"உசுரோடதாம்மா கொண்ணாந்தாங்க. நல்லாப் பேசினான். சரோ வந்துச்சா, சரோ வந்துச்சான்னு கேட்டுனே இருந்தான். வரும்டா, வந்துனே கீதுன்னு சொன்னேன். கையப் புடிச்சிங்கினேன். எங்கூட்டுக்காரி சங்கு கேட்டும் வரலியேன்னு ஒரு வார்த்த சொன்னான்." சின்னப்பா கம்பளியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "இப்பதாம்மா உசுரு போச்சு. ஆசுபத்திரி வண்டில ஏத்தறதுக்கு மின்னால."

மறுநாள் அடக்கம். புத்த விகாரையிலிருந்து வந்த தம்மபாலன் பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் பழனியம்மா கட்சிக் கொடியை விரித்து ரத்தினத்தின் மேல் போர்த்தினாள். பாண்டுரங்கன்கூட மாலை கொண்டுவந்தார். ரத்தினம் உயிரோடிருந்தவரை கட்சிக்கு ஓட்டே போட்டதில்லை; பெண்டாட்டி கூட்டம் கூட்டம் என்று அலைவதை அவன் திட்டாத நாளில்லை. அதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? கொடியோடு புதைத்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பழனியம்மா சரோஜா வீட்டுக்கு வந்தாள். சரோஜா சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"மாமா வூட்ல படுத்துங்கெடந்தது ஒனக்குத் தெரியுமாக்கா?"

"கஞ்சி வெச்சிக் குடுத்துட்டுதானே வந்தேன். தெரியாம இன்னா?"

"அப்புறம் ஏங்க்கா அப்பிடிச் சொன்ன?"

"சொல்லலேன்னா நீ ஒக்காந்திருப்பியா?"

"பதினொரு கை அதிகம்தானே வாங்கின. என் ஒரு கை இல்லாங்காட்டி இன்னா கொறஞ்சிருக்கும்?"

பழனியம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கூந்தலை ஒதுக்கிவிட்டாள். குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "நீ எழுந்து போயிருந்தா அம்பது பேரும் ஒம் பின்னாலயே போயிருப்பாளுங்க. அவளுங்க என்னயா பாத்தாளுங்க? ஒன்னதான் பாத்தாளுங்க. ஒன்ன ஒக்கார வெச்சாதான் அவளுங்க ஒக்காருவாளுங்க. எனக்கு வேற வழி இல்லடி."

சரோஜா அழவில்லை. அழுகையெல்லாம் ஷாப்ட் வாசலிலேயே தீர்ந்திருந்தது. இவளைக் கொன்றால் என்ன என்று மட்டும் நினைத்தாள். நினைத்துக்கொண்டே அப்படியே கிடந்தாள்.

"இன்னொன்னு" என்றாள் பழனியம்மா. "சுரங்கத்துல வேலைக்கு ஆளில்லாத வூட்ட காலி பண்ணச் சொல்லி சுரங்க ஆபீஸ்லேந்து வருவாங்க. நான் கவுன்சிலர் ஆயிட்டா ஒரு வார்த்த சொல்லி நிறுத்திடுவேன். ஆவலேன்னா நீ எங்கடி போவ? ஒங்க அம்மா வூட்லயும் யாரும் இல்ல. நாளைலேந்து ஓட்டுக் கேக்கக் கெளம்பறோம். நீ கூட வரணும்."

"நான் எப்பிடிக்கா வருவேன்?"

"இப்பிடியேதான் வரணும். தல வாராத. பொட்டு வெக்காத. நீ ஒண்ணும் பேச வேணாம். நின்னாப் போதும்."

மறுநாள் காலையில் கொடி பிடித்த பெண்கள் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். சரோஜா கொஞ்ச நேரம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அறை, ஒரு அடுப்பு, சுவரில் புத்தர் படம். இதுவும் போனால் ரோடுதான். வெளியே வந்தாள். பழனியம்மா அவள் தோளில் கை போட்டு எல்லோருக்கும் முன்னால் நடத்திக்கொண்டு போனாள். முதல் வீட்டு அம்சவேணி கதவைத் திறந்து, சரோஜாவைப் பார்த்ததும் "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கும்புடு" என்றாள் பழனியம்மா, மெல்ல.

சரோஜா கும்பிட்டாள்.