எந்தத் திக்கில் கால் நீட்டுவது

“கிழக்கே சுவாமி இருக்கார். அவருக்கா காலைக் காட்டப்போறா?” தர்மாம்பாளின் குரல் பவானிபூர் சந்தின் கோடி வரைக்கும் கேட்டது.

“அப்போ மேற்கே நீட்டட்டும்மா,” என்றான் மகன் பட்டாபிராமன்.

“மேற்கே உங்கப்பா படம்.”

வடக்கே மாமியாரின் கட்டில். தெற்கே நீட்டினால் தலை வடக்கே போகும். அதை எந்த வீட்டில் ஒப்புவார்கள்? இருந்ததோ ஒரே அறை. நடுவில் மருமகள் நாகலக்ஷ்மி நின்றுகொண்டிருந்தாள். நிற்கக் கூடாது என்பதுதான் வைத்தியமே. அது தாய்க்கும் மகனுக்கும் மறந்துபோயிருந்தது.

மூன்றாவது பிரசவத்தோடு அவள் கணுக்காலில் சிலந்தி இழை போலச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் படர்ந்தன. பிறகு ஆடுசதையில் நரம்புகள் முறுக்கிப் புடைத்தன. பணம் கொடுத்து வீட்டில் சாப்பிட்டுவந்த மூன்று குமாஸ்தாக்களுக்கும் சேர்த்து, விடிந்தது முதல் அடுப்படியில் நின்றாள். மடிசாருக்குக் கீழே தெரிந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு வங்காளி அம்மாள் கேட்டபோது, கொசுக்கடி என்று சாதித்தாள். கடைசியில் கணுக்காலுக்கு மேலே புண் வந்தது, மஞ்சளுக்கு அடங்கவில்லை.

டாக்டர் நளினி பாபு வந்து பார்த்தார். ரத்தத்தை மேலே ஏற்றி, திரும்ப இறங்காமல் தடுக்கும் சின்னக் கதவுகள் நரம்புக்குள் உண்டாம். அவை தளர்ந்து ரத்தம் காலிலேயே தேங்கிவிட்டதாம். ஃபிளானல் துணியை இறுக்கிச் சுற்றி, காலை மார்புக்கு மேலே உயர்த்திப் படுக்கவேண்டும்; இல்லாவிட்டால் புண் ஆறாது, நரம்பு ஒருநாள் வெடிக்கவும் கூடும் என்றார். நாகலக்ஷ்மிக்கு அன்றிலிருந்து ஒரே பயம். கால் போய்விட்டால் இந்த வீட்டில் தன்னை எதற்காக வைத்துக்கொள்வார்கள்?

வாக்குவாதம் தெற்குத் திக்குக்கு வந்திருந்தபோது அவள் பாதம் வெதுவெதுவென்று நனைந்தது. குனிந்து பார்த்தாள். ரத்தம் நூலாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

பட்டாபிராமன் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தர்மாம்பாள்தான் பாய்ந்து வந்தாள். மருமகளைத் தரையில் சாய்த்து, அவள் காலைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தலைப்பைச் சுருட்டி வெடித்த இடத்தை அழுத்தினாள். டாக்டர் பேசியது தன் காதிலேயே விழவில்லை என்று சொன்னவள், கதவிடுக்கில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள்.

பாதம் நேராகச் சுவாமி அலமாரியைப் பார்த்தது. நாகலக்ஷ்மி கூசிப்போய் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். “அம்மா, விடுங்கோ. சுவாமி இருக்கார்.”

“இருக்கட்டும். நீ ஆடாமே கெட.” பிறகு மகனிடம், “வண்டி கொண்டுவாடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அங்கே தொடையில் கீறி நரம்பைக் கட்டினார்கள். வீடு திரும்பியவளைத் தர்மாம்பாளே கிழக்கே கால் நீட்டிப் படுக்கவைத்தாள். தலையணை போதாமல் தன் மணையையும் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தாள். புண் மெல்ல ஆறியது.

அதுவரை சமையல் தர்மாம்பாளுடையது. அவள் ரசத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. குமாஸ்தா வெங்கடசுப்ரமணியன் லீவு போட்டுக் கும்பகோணம் போய், அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி, காளிகாட்டில் தனிக்குடித்தனம் வைத்தான். ராஜதானி இந்த ஊரைவிட்டுத் தில்லிக்கு மாறியபோது மற்ற இருவரும் ஆபீஸோடு போனார்கள். தாங்களாகவே மாற்றல் கேட்டு வாங்கினார்கள் என்று சந்தில் பேச்சு.