நடுமடிப்பில் கேப்டன்

புத்தகத்துக்குப் படம் வரைகிறவர்களுக்கு எதிரி என்றால் அது நடுமடிப்புதான். இரண்டு பக்கத்துக்கும் பரப்பி எவ்வளவு அழகாகப் போட்டாலும் நடுவில் இருப்பதை அது விழுங்கிவிடும். தைத்து முடித்த புத்தகத்தை முதுகு உடையும்வரை விரித்துப் பார்த்தாலும் அங்கே யார் நின்றார்கள் என்று தெரியாது.

என் படத்தில் அங்கே நின்றவர் மசாவ்னா.

துருவப் பயணங்களைப் பற்றி எட்டு வயதுப் பிள்ளைகளுக்கான உண்மை நூல் அது. அதிலேயே பெரிய படம், கேப்டன் ப்ரூன் கடைசி முகாமிலிருந்து வடமுனையை நோக்கிக் கிளம்பும் காட்சி. கேப்டனுக்கு டென்மார்க்கில் சிலையே இருக்கிறது. அவரைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்து நாய்களை ஓட்டிப் போனவர் எங்கள் பனிநாட்டு ஆள் மசாவ்னா. இதுவரை வந்த புத்தகங்களில் அவருக்கு 'உள்ளூர் உதவியாளர்' என்று பெயர். முகம் கிடையாது. தூரத்தில் ஒரு ரோமச் சட்டை நிற்கும், அவ்வளவுதான். இந்த முறை முகத்தோடு வருவார் என்று அவர் வீட்டாருக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

பதிப்பாசிரியர் சூஸான் கோபன்ஹேகனில் இருக்கிறாள். நல்லவள்தான், ஆனால் அவளோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாய்களை ஜோடி ஜோடியாகக் கட்டு, இடம் மிச்சமாகும் என்றாள். எங்கள் ஊர்ப்பக்கம் நாய்களை விசிறி மாதிரிப் பரப்பித்தான் கட்டுவோம், ஒவ்வொன்றுக்கும் தனி வார். ஜோடியாகப் போட்டால் நான் எங்கள் ஊர் கானாக்கில் தலைகாட்ட முடியுமா? ஒரு மாதம் சண்டை போட்டு ஜெயித்தேன். ஜெயித்த லட்சணம் இது: நாய்கள் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டன, கேப்டன் கொடியோடு வலப்பக்கத்தில் ஜம்மென்று நின்றார், மசாவ்னா மடிப்புக்குள் போனார்.

"அதனால என்ன, அவரு முதுகைக் காட்டிட்டு நிக்கட்டும்" என்றாள் சூஸான். "முகம் வேணும்னா குடும்பத்துச் சம்மதம் வேணும். வீடியோவுல நேரா சொல்லச் சொல்லு. சம்மதம் வந்தா கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கலாம். நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகுது, பாத்துக்கோ."

மதியமே அவியாயாவின் வீட்டுக்கு ஓடினேன். மசாவ்னாவின் கொள்ளுப்பேத்தி அவள். என்னைப் பார்த்ததும் காபிச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"வாங்க பாட்டி. உக்காருங்க."

எனக்கு நாற்பதுகூட ஆகவில்லை, அவள் என்னைவிட மூத்தவள். ஆனால் என் பெயர் இவாலு. மசாவ்னாவின் மனைவி பெயர் அது. எங்களில் ஒருவர் போய்விட்டால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் பெயரை வைத்துவிடுவோம். பெயரோடு ஆளும் திரும்பி வந்தாயிற்று, அதற்குமேல் பேச்சே இல்லை. அதனால் இந்த வீட்டுக்கு நான் பாட்டி. பழகிவிட்டது.

"அவியாயா, ஒரு நிமிஷ வேலை. மசாவ்னாவோட முகத்தைப் போட சம்மதம்னு டென்மார்க்காரிகிட்ட சொல்லிடு."

"நான் எப்படிச் சொல்றது? அவரு முகம், அவரைத்தான் கேக்கணும்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "தாத்தா! உங்களைத் தேடி வந்திருக்காங்க. மூக்கைத் தொடைச்சிட்டு வாங்க!"

தாத்தா வந்தாள். ஆறு வயது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது, கையில் பாதி கடித்த திமிங்கிலத் தோல். கைமாறிக் கைமாறி மசாவ்னாவின் பெயர் இப்போது இவளிடம் இருக்கிறது. ஆணா பெண்ணா என்றெல்லாம் பெயர் பார்க்காது.

"ஏய் பொண்டாட்டி, எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நூறு வருஷமாக முகமில்லாமல் கிடந்த ஒரு மனிதரின் கதி இந்த எண்ணெய்க் கைகளில் இருந்தது. வேறு வழி? பையிலிருந்த சாக்லேட்டைக் கொடுத்துவிட்டு சூஸானை வீடியோவில் அழைத்தேன். வழக்கம்போலப் படம் உறைந்து, உடைந்து, ஒருவழியாக அவள் முகம் தெரிந்தது.

"குடும்பத்துப் பெரியவர் எங்கே?" என்றாள் சூஸான்.

"இதோ உக்காந்திருக்காரு" என்றாள் அவியாயா டேனிஷில், மகளைக் காட்டி.

"இல்லைங்க, பெரியவங்க..."

"இவருக்கு மேல இந்த வீட்டுல பெரியவங்க யாரும் இல்லைங்க."

சூஸான் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். சூஸானுக்கு எங்கள் மொழி தெரியாது, மசாவ்னாவுக்கு டேனிஷ் இன்னும் வரவில்லை. நடுவில் மொழிபெயர்க்கிற தலையெழுத்து எனக்கு.

மசாவ்னா படத்தைக் காட்டச் சொன்னாள். என் மின் வரைபலகையில் திறந்து மடியில் வைத்தேன். நாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள், திரை முழுக்கக் கொழுப்பு. கேப்டனைத் தொட்டாள். மடிப்பில் நின்ற மசாவ்னாவைத் தொட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நீ எங்கே?"

"நானா?"

"நீதான். நீயும் வந்தே இல்ல?"

சூஸானிடம் சொன்னேன். "அந்தப் பயணத்துல பெண்கள் யாரும் போகலையே" என்றாள். "கேப்டனோட குறிப்புகளை முழுசாப் படிச்சிருக்கேன். ஒரு வரி கிடையாது."

அவியாயா காபிச் சட்டியை ணங்கென்று வைத்துவிட்டு டேனிஷிலேயே கேட்டாள். "அந்தக் குறிப்புல அவரு போட்டிருந்த பூட்ஸைப் பத்தி இருக்கா?"

"இருக்கு. ரொம்பப் பாராட்டியிருக்காரு. அந்தக் குளிர்லயும் ஒரு தையல் விடலைன்னு."

"அந்த பூட்ஸ் பனியில தானா முளைச்சுதா? கடைசி முகாம்ல உக்காந்து அத்தனை பேருக்கும் தைச்சது எங்க பாட்டி. தையல் ஒண்ணு விட்டிருந்தா உங்க கேப்டனுக்குக் கால் இருந்திருக்காது, சிலையை உக்காரவச்சுதான் செஞ்சிருக்கணும்."

சூஸான் பெருமூச்சு விட்டாள். "நான் மறுக்கலைங்க. ஆனா இடம் இல்லை. இவாலு, நீயே சொல்லு, எங்கே இடம் இருக்கு? இப்போ சம்மதமா இல்லையா? இல்லைன்னா முதுகுதான்."

"சரின்னு சொல்லிடு கண்ணு" என்று கெஞ்சினேன். "ரெண்டு வருஷம் போனா பள்ளிக்கூடத்துல இந்தப் புத்தகத்தைத்தான் கொடுப்பாங்க. உன் முகம் அதுல இருக்க வேண்டாமா?"

"பொண்டாட்டி இல்லாம நான் வரமாட்டேன்."

"அடுத்த புத்தகத்துல வரேன்டா."

"மாட்டேன்னா மாட்டேன்."

கோபம் தலைக்கேறியது. சூஸான் மேல் பாதி, இந்தப் பிடிவாதக்காரி மேல் பாதி. இரண்டு வருஷ உழைப்பை ஒரு சாக்லேட் வாய் தடுத்துக்கொண்டு நிற்கிறது. அதட்டப் போனேன். அதற்குள் அவள் எழுந்து வந்து பிசுக்குக் கையால் என் மோவாயைப் பிடித்தாள்.

"வாயைத் திற."

திறந்தேன். உள்ளே எட்டிப் பார்த்தாள். தன் வாயிலிருந்த ஓட்டையை நாக்கால் தொட்டுக்கொண்டே வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லெல்லாம் திரும்ப முளைச்சிடுச்சே" என்றாள்.

அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பூட்ஸுக்கான தோலை மென்று மென்றுதான் பதப்படுத்துவார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அந்த இவாலுவுக்குப் பல் எல்லாம் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் இறைச்சி கடித்ததில்லையாம். மசாவ்னா மென்று கொடுப்பாராம். இத்தனையும் தெரிந்த நான், விசிறியில் ஒவ்வொரு நாயின் காதையும் பார்த்துப் பார்த்து வரைந்தவள், அவளை நினைக்கக்கூட இல்லை. அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

"இவாலு? என்ன ஆச்சு? பிள்ளை என்ன சொல்லுது?" என்றாள் சூஸான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மசாவ்னா படத்துக்குத் திரும்பி, கேப்டன் மேல் விரலை வைத்தாள். "இந்த ஆளைத் தள்ளு. சும்மாதானே நிக்கறாரு."

தள்ளினேன். கொடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆள் மடிப்புக்குள் போனார். மசாவ்னாவை வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். சூஸானும் அங்கே தன் திரையில் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள், இங்கே நகர்த்தினால் அங்கேயும் நகரும்.

"ஐயோ, கேப்டன் மடிப்புல போறாரு! முகமே தெரியாது!"

"அதனால என்ன, அவரு முதுகைக் காட்டிட்டு நிக்கட்டும்" என்றேன்.

சூஸான் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "கொடியாவது தெரியணும்" என்றாள்.

"தெரியும்."

படத்தில் மசாவ்னாவுக்குப் பக்கத்தில் இவாலுவை உட்காரவைத்தேன். மடியில் கேப்டனின் பூட்ஸ், ஓரத்தைக் கடித்தபடி வாய். ஏன் கடிக்கிறாள் என்று சூஸானுக்கும் சொன்னேன். அவளுக்குப் புகைப்படம் கிடையாது. என் முகத்தையே போட்டேன், பற்களை மட்டும் தேய்ந்தவையாக வரைந்தேன். உண்மை நூலாயிற்றே.

"இது பழைய பல்லு" என்று உடனே தடுத்தாள் மசாவ்னா. "அழி. இப்போ இருக்கிற பல்லைப் போடு."

அழித்தேன். ஒவ்வொரு பல்லாக, முழுசாக, வெள்ளையாகப் போட்டேன். கடைசிப் பல்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துவிட்டு, அவள் திரையைப் பார்த்து, எங்கள் மொழியில், "சரி" என்றாள். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சூஸான் படத்துக்கு அருகில் குனிந்தாள். "நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சந்தேகம். காலமெல்லாம் தோல் மென்ன பொண்ணுக்குப் பல்லு இப்படியா இருக்கும்? யாராவது கேட்டா என்ன ஆதாரம் காட்டுறது?"

"அவ புருஷன் சொல்றாரு, சூஸான்."