இரண்டு மணி மாத்திரை

கிராம்பு எரிந்ததுதான் மிச்சம், கடைவாய்ப் பல்லின் குடைச்சல் அதைச் சட்டைகூடச் செய்யவில்லை, மதியம் போட்ட பாரசிட்டமால் எந்தப் பக்கம் போனதோ... தாணம்மாள் அலமாரி முன்னால் மருந்து டப்பாவைத் திறந்தபடி நின்றாள். மணி ஐந்தாகப் போகிறது. இந்தச் சிவப்பு மாத்திரை கேட்கும், சட்டென்று கேட்கும், ஆனால் போன வருஷம் முட்டு வலிக்கு இதைத் தின்றுதானே வயிற்றில் ரத்தம் கசிந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய், இனி இதைத் தொட்டால் என்னிடம் வராதே என்று டாக்டர் சொன்னது மறந்துபோயிற்றா? தொடவில்லை, பார்க்கத்தானே செய்கிறேன். நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி, பல் டாக்டரிடம் டோக்கன் எடுத்துக் காத்திருந்து திரும்பி வருவதற்குள் கட்டிலில் கிடக்கிற புருஷனை யார் பார்ப்பது? இந்த ஒரு பல்லுக்கே மண்டை பாதி கழன்று விழும்போல இருக்கிறது, காதுக்குள் போகிறது, கண்ணுக்குப் பின்னால் போகிறது, ஒரு வாய் காப்பி விழுங்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அழுகை வருகிறது, வெட்கங்கெட்ட அழுகை.

டப்பாவின் அடியில் அவருடைய வெள்ளை மாத்திரைகள். தெய்வநாயகத்துக்குத் தொண்டையில் கட்டி, பேச்சு நின்று இரண்டு மாதமாகிறது, செவ்வாய்க்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் டெல்சி தருகிற மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வருவதற்கு முன்னால் கொடுப்பது என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு... அந்த இரண்டு மணி மாத்திரைதான் சங்கடம். அதைக் கொடுத்தால் உறங்கிப்போகிறார். ஆறு மணிக்கு மஸ்கட்டிலிருந்து ராஜகுமார் வீடியோவில் வருவான், அப்பா முகத்தைப் பார்க்கத்தான் வருகிறான், முதல் தடவை இவர் உறங்கிக் கிடந்ததைப் பார்த்து, அப்பாவுக்குப் போதம் போய்விட்டதா என்று ஏங்கி ஏங்கி அழுதான், லீவு கிடைக்க இன்னும் ஒரு மாதமாகும் பிள்ளைக்கு. அன்றிலிருந்து இரண்டு மணி மாத்திரை கிடையாது, போன் வைத்த பிறகுதான் அடுத்தது. நாற்பது நாளாக. டெல்சியிடம் நேரத்துக்குத்தான் கொடுக்கிறேன் என்று பொய். என்ன கெட்டுப்போயிற்று, அவரும் கண் முழித்து மகனைப் பார்க்கிறார், அவனும் நிம்மதியாகச் சோறு தின்கிறான். தினம் ஒன்று மிச்சம் விழுந்து இப்போது நாலு அட்டை கிடக்கிறது. அதில் ஒன்றை நான் போட்டுக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அட்டையைப் பிதுக்கி ஒன்றைக் கரண்டியில் போட்டாள். இன்னொரு கரண்டியால் அழுத்திப் பொடித்தாள், நறநறவென்று பொடிந்தது, தண்ணீர் விட்ட பிறகுதான் உறைத்தது, எனக்கெதற்குப் பொடி, நான் முழுசாக விழுங்க மாட்டேனா, அவருக்குப் பொடித்துப் பொடித்துக் கைக்கு இதுவே பழக்கம்... கட்டிலில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தாள். தெய்வநாயகம் தலையைச் சிரமப்பட்டு இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டிருக்கிறது. வாயைத் திறந்து வைத்திருந்தார். திறந்தால் எவ்வளவு வலிக்கும் அந்த வாய், கஞ்சிக்குத் திறக்கச் சொல்லி எத்தனை கெஞ்சல், இப்போது யாரும் சொல்லாமலே திறந்து, நெற்றியெல்லாம் வேர்த்து, விரல்கள் போர்வையைப் பிடித்தபடி. பத்து மணிக்குக் கொடுத்தது. ஏழு மணி நேரம். எனக்கு நேற்று ராத்திரியிலிருந்து ஒரே ஒரு பல்.

ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நாலடி தூரத்தை. "இந்தா அத்தான், இந்தா, உமக்குத்தான்." கரண்டி பல்லில் இடித்தது, மெல்லக் கொடு பாவி, ஒரு சொட்டு சிந்தவிடாதே. விழுங்கினார். கண்ணோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கன்னத்தைப் பொத்திக்கொண்டு. அரை மணி நேரத்தில் போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. புருவத்துக்கு நடுவே இருந்த மடிப்பு மெல்ல இறங்கியது. அது அவர் முகத்தின் மடிப்பென்றே நினைத்திருந்தாள்.

ஆறு மணிக்கு போன் வந்தது. கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பாமல் தன் முகத்துக்கே பிடித்தாள். அப்பா உறங்குகாரு மக்கா, போதமெல்லாம் நல்லா இருக்கு, பயப்படாத என்றாள். கன்னம் என்ன வீங்கியிருக்கு என்று கேட்டான், பல்வலி என்றாள், உடனே மாத்திரை போடும்மா, வலியை வச்சிக்கிட்டு இருக்கப்பிடாது என்றான். பிறகு அவனே சொன்னான்:

"பரவாயில்ல, அப்பா உறங்கட்டும். முந்தாநேத்து பேசும்போ எடுத்த படத்தத்தான் போன்ல முன்னால வச்சிருக்கேன். கண்ண எப்படி முழிச்சு என்னையே பாக்காரு தெரியுமா?"

அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பியிருந்தான். நேற்று முழுக்க அதைப் பக்கத்து வீடுகளில் காட்டிக்கொண்டு நடந்தது அவள்தான், பாருங்கள் என்ன தெளிச்சம் என்று. அகலத் திறந்த அந்தக் கண்கள் மகனைப் பார்க்கவில்லை, போனுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாற்பது நாளும்.

"அம்மா, கேக்குதா?" என்றான் ராஜகுமார்.