மலிவான வருகை

நாரின் என்ற மலைப்பகுதியின் குடும்பக்கட்டுப்பாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைக் கவனிக்க எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுக்க நகரத்திலிருந்து எல்தியார் வந்திருந்தார். கல்லூரி மாணவனான எனக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆகும் நேரத்தைக் குறித்துவைக்கும் வேலை. செலவு குறையாவிட்டால் ஆஸ்பத்திரியை மூடிவிடுவார்கள்.

நர்ஸ் பூபுசாராவின் நேரமெல்லாம் தேநீரில் போனது. கிண்ணத்தில் இரண்டு மடக்குதான் ஊற்றுவார். திரும்பத் திரும்ப ஊற்றுவார். நாலைந்து கிண்ணம் உள்ளே போகாமல் எந்தப் பெண்ணும் வந்த விஷயத்தைச் சொல்வதில்லை.

"ஒரே தடவையா ஊத்திக் குடுங்கக்கா. நேரம் மிச்சம்" என்றார் எல்தியார்.

"நெறைய ஊத்தினா 'எந்திரிச்சுப் போ'ன்னு அர்த்தம் தம்பி. உங்கம்மா சொல்லித் தரலையா?"

"எங்கம்மா ஆஸ்பத்திரி நடத்தலக்கா. இத மூடிட்டா யாருக்கு ஊத்துவீங்க?"

பூபுசாரா தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார்.

அடுத்து சாய்ரா வந்தாள். ஆறு பிள்ளைகள். ஏழாவது வந்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவனிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பூபுசாரா கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி நீட்டினார். சாய்ரா அதையே பார்த்தாள். பிறகு சூட்டோடு குடித்து முடித்தாள்.

"வேலையா இருக்கீங்கபோல. வரேங்க்கா."

"இரு சாய்ரா, இன்னும் கொஞ்சம்..."

"போதுங்க்கா. சும்மாதான் வந்தேன்." விருந்து முடிந்து எழுபவர்களின் வழக்கப்படி முகத்தைக் கைகளால் தடவி ஆமீன் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நிமிடம், மருந்துச் செலவு இல்லை. இவ்வளவு மலிவான வருகையைப் பார்த்ததே இல்லை என்று எல்தியார் என் கையைக் குலுக்கினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் ஒரே நிறைகிண்ணம்தான். ஆஸ்பத்திரி பிழைத்தது.

அடுத்த ஆண்டு சாய்ரா பிரசவத்தில் இறந்தாள். அந்தச் செலவு மகப்பேற்றுப் பிரிவின் கணக்கு. எங்கள் ஆய்வில் சேராது.