குறுக்கு ரேகை

ஆர்ச்சி ரென்னிக்கான முளையை மட்டும் பட்டறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தனியாகச் செய்தேன். மற்ற மூன்றும் ஆஷ் மரத்தில், ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி அறுத்தவை. குதிரையைக் கட்டி இழுத்தாலும் அசையாது. ஆர்ச்சியுடையதை அதே பலகையில் குறுக்கே அறுத்தேன். கடைந்து உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி நான்கையும் ஜன்னலோரம் நிறுத்தியபோது எனக்கே சட்டென்று எது எது என்று தெரியவில்லை. அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்துக்கொண்டேன். சாதாரணமாக வலித்தால் அது தாங்கும். உயிரைக் கொடுத்து இழுத்தால் பட்டென்று போய்விடும். எப்போது உயிரைக் கொடுத்து இழுக்க வேண்டும் என்று படகில் கத்துகிறவளும் நான்தான்.

முளை என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. படகின் விளிம்பில் ஒரு துளை, துளையில் ஒரு குச்சி, குச்சியில் முட்டுக்கொடுத்துத் துடுப்பு வேலை செய்யும். எங்கள் ஊரில் அதற்கு 'தோல்' என்று பெயர். உடம்பின் தோல் இல்லை. நாக்கு நுனியைப் பல்லில் வைத்துச் சொல்ல வேண்டும். அதே சொல்லுக்கு, பொறுத்துக்கொள், தாங்கிக்கொள் என்றும் அர்த்தம். ஸ்காட்லாந்தின் இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணாய்ப் பிறந்தவள் தன் பெயருக்கு அடுத்து அதிகம் கேட்கிற சொல் அதுதான். பல் வலிக்கிறதா, தோல் பண்ணு. புருஷன் குடிக்கிறானா, தோல் பண்ணு. என் தம்பி டேவியின் சவப்பெட்டியை மூடியபோது எங்கள் சபைப் போதகர் ஹெலன் முயர் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்.

"எப்பி, தோல் பண்ணித்தான் ஆகணும் கண்ணு. வேற வழியில்ல."

பெட்டியை நானே செய்திருந்தேன். அவர் பிடித்திருந்த கையில் பசை இன்னும் காயவில்லை. சர்ச்சுக்குள் நிற்கிறோம் என்பதையும் மறந்து பளாரென்று ஒன்று விடலாமா என்று இருந்தது.

டேவி ஆர்ச்சியின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தான். வலை இழுக்கும் வின்ச்சின் மேல் ஒரு இரும்பு மூடி இருக்க வேண்டும். அது இருந்தால் கை மாட்டாது. ஆனால் வலை சிக்கும்போதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும், நேரம் பிடிக்கும். அன்றைக்கு அந்த மூடி இல்லை. கயிறு டேவியின் சட்டைக் கையைப் பிடித்தது, பிறகு கையை, பிறகு அவனை. அவ்வளவுதான் சொல்வேன். பெட்டிக்கு அளவெடுத்தவள் நான். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கோர்ட்டில் ஆர்ச்சி நீல சூட் போட்டு வந்து நின்றான். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது மூடி இருந்தது, பையன்தான் அவசரத்தில் கழற்றியிருப்பான் என்றான். படகில் இருந்த இன்னொருவன் தனக்கு எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு நார்வேக்குக் கப்பல் ஏறிவிட்டான். நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு. குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. எங்கள் நாட்டில் மட்டும் விற்கிற மூன்றாவது சரக்கு அது. வெளியே படிக்கட்டில் எங்கள் வக்கீல் கையைக் கழுவுவதுபோல் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

"அவர் தன் விசாரணையைத் தோல் பண்ணிட்டாரும்மா. ஒரு தடவை நின்னு தாங்கியாச்சுன்னா, அதே குத்தத்துக்கு மறுபடி கூண்டுல ஏத்த முடியாது. பழைய சட்டம்."

நின்னு தாங்கினானாம். அன்று சாயங்காலம் அவன் பப்பில் எல்லோருக்கும் தன் செலவில் ஊற்றிக் கொடுத்தான். ஊரில் பாதிப் பேர் குடித்தார்கள். டேவி அவசரக்காரன், பாவம், அவன் கொழுப்பு அவனைத் தின்றுவிட்டது என்று குடித்த வாயால் சொன்னார்கள். என் தம்பியைக் கொன்றதைக்கூட ஒரு மூலையில் வைத்துவிடுவேன். செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டானே, அதுதான் என் வயிற்றை எரித்தது, இன்றைக்கும் எரிகிறது.

முதலில் எனக்குத் தோன்றியதெல்லாம் வேறு மாதிரி. என்னிடம் ரம்பம் இருக்கிறது, உளி இருக்கிறது. அவன் படகு பழுதுக்கு எங்கள் பட்டறைக்குத்தான் வரும். ஒரு பலகையை லேசாகத் தளர்த்தி விட்டால் போதும், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும். ஆனால் செத்தவன் வாய் திறக்க மாட்டான். எனக்கு அவன் வாய் வேண்டியிருந்தது. இதற்கிடையில் சட்டம் மாறிவிட்டது. கசாப்புக் கடை வரிசையில் நின்றபோது அதே வக்கீல்தான் சொன்னார்: விடுதலையான ஆள் பின்னால் நாலு பேர் காதில் விழத் தானே ஒப்புக்கொண்டால், அரசு வக்கீல் பெரிய கோர்ட்டில் அனுமதி வாங்கி மறுபடி வழக்குப் போடலாமாம். "ஆனா எந்த மடையன்மா தானா வாயத் திறப்பான்?" என்று சிரித்துவிட்டு அவர் ஈரல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு என்ன வாங்க வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

கரையோர ஊர்கள் எல்லாம் பந்தயப் படகு கட்டத் தொடங்கிய காலம் அது. எங்கள் ஊரும் கட்டியது. மரத்துக்கு ஆர்ச்சி பணம் கொடுத்தான். கொடுத்துவிட்டு, கூட்டத்தில் எழுந்து, படகுக்கு 'டேவி கார்கில்' என்று பெயர் வைக்கலாம் என்றான். கைதட்டல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கங்கெட்டவன், என் தம்பி பெயரைச் சோப்பாக்கிக் குளிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். "ரொம்ப சந்தோஷம்"னேன். "நானே சுக்கான் பிடிக்கிறேன்"னும் சேர்த்துச் சொன்னேன். ஆள் சிறிசு, தொண்டை பெரிசு. அந்த வேலைக்கு என்னைவிட்டால் ஊரில் ஆள் இல்லை.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் படகைத் தேய்த்தோம். அப்போது மிஸ் பார்க்ளே, ஓய்வுபெற்ற டீச்சர், வாயை மூடவே மாட்டார். சொற்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். தோல் என்பது ஒரு சொல் இல்லையாம், இரண்டாம். தாங்குவது ஒன்று, முளை ஒன்று. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் ஒரே தெருவில் குடியிருப்பதுபோல. இரண்டும் ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தக் கரையில் வந்து இறங்கியவர்களோடு வந்தவை. தெற்கே இங்கிலாந்துக்காரர்கள் தாங்குகிற அர்த்தத்தை எங்கோ தொலைத்துவிட்டார்கள், நாம்தான் விடாமல் வைத்திருக்கிறோம் என்றார்.

"தாங்குறதுக்கு அவங்களுக்கு என்ன இருக்கு? அவங்க பக்கத்துல இருக்கிற நாமதான் தாங்கணும்," என்றான் பேக்கரி டாட். பிறகு தன் கோப்பையைப் பார்த்து, "இந்த டீ இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைய தோல் பண்ணும், எப்பி" என்றான்.

"பாத்தீங்களா, அதுவும் ஒரு அர்த்தம்!" டீச்சருக்குக் கண் மின்னியது. "வச்சா நல்லாயிருக்கும், வச்சாலும் தப்பில்லைன்னு. இதெல்லாம் புஸ்தகத்துல தேடினா கிடைக்காது."

இரண்டு ஆட்களோ ஒரே ஆளோ, நான் கடைசலில் உருட்டிக்கொண்டிருந்த குச்சிக்கு அதெல்லாம் தெரியாது. துடுப்பின் இழுப்பு மொத்தமும் அதன் மேல்தான் விழும். துடுப்பு உடைவதைவிட, படகின் விளிம்பு பிய்வதைவிட, முளை உடைவது மேல் என்பதற்காகத்தான் அதை வைப்பதே. எங்கள் குடும்பத்தையும் அதற்காகத்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஆகஸ்டில் பந்தய நாள். துறைமுகம் முழுக்கக் கொடிகள், வறுத்த மீன் வாசனை, பேண்டு வாத்தியம். முதல் துடுப்பில் ஆர்ச்சி. அவன் எனக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் டாட், அதற்குப் பின்னால் மிஸ் பார்க்ளே, முனையில் போதகர் ஹெலன். போதகர் ஏறுகிறபோதெல்லாம் ஆர்ச்சி கெட்டது விலகட்டும் என்று படகின் இரும்பு வளையத்தைத் தொடுவான். மீனவன் படகில் போதகர் கால் வைத்தால் ஆகாது. கடலில் அந்தச் சொல்லையே சொல்ல மாட்டார்கள், கறுப்பு அங்கி என்பார்கள்.

"என்ன ஆர்ச்சி, இன்னமும் நான் துரதிர்ஷ்டமா?" என்றார் ஹெலன், பாவாடைக்குப் பதில் போட்டிருந்த காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு.

"இல்ல போதகரம்மா, சும்மா கை அரிச்சுது" என்றவன், சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லிவிட்டோம் என்று மறுபடி வளையத்தைத் தொட்டான். டாட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

மாற்று முளைகளை இருக்கைக்குக் கீழே பெட்டியில் வைப்பது வழக்கம். நான் அன்று அவற்றை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற தீவைச் சுற்றித் திரும்பும்போது நாங்கள்தான் முன்னால். ஆர்ச்சிக்கு முகமெல்லாம் பல். கரையில் கத்துவது தண்ணீரின் மேல் மிதந்து வந்தது. அவன் என் கண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான், பார்த்தாயா எல்லாம் சரியாகிவிட்டது என்பதுபோல. எல்லாம் சரியாகிவிட்டதாமா? நான் எழுந்து நின்று கத்தினேன்.

"உயிரக் குடுத்து இழுங்க! இப்ப!"

பட்டென்று போயிற்று. ஆர்ச்சி துடுப்போடு மல்லாந்து டாட்டின் மடியில் விழுந்தான். படகு திரும்பி நின்றது. முளையின் மேல் பாதி என் காலடியில் வந்து உருண்டது. உடைந்த இடம் பிஸ்கட்டை ஒடித்த மாதிரி சிம்பில்லாமல் நேராக இருந்தது.

"முளை! மாத்து முளையக் குடு, சீக்கிரம்!"

பையில் கையை விட்டேன். எடுக்கவில்லை.

"தர்றேன். வின்ச்சு மூடிய யாரு கழட்டினா?"

"என்னது?"

"டேவி செத்த அன்னிக்கு. யாரு கழட்டினா?"

"எப்பி, இப்பவா?" என்றான் டாட். பின்னால் வந்த முதல் படகு எங்களைத் தாண்டிப் போயிற்று. அதில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

"பைத்தியமாடி உனக்கு? ஊரே பாக்குது, குடு!"

"ஊரு பாக்கட்டும். சும்மா சொல்லு. பயமா இருந்தா விடு, மூணு துடுப்புலயே தவழ்ந்து போய்ச் சேரலாம். ஆர்ச்சி ரென்னி பயந்துட்டான்னு நான் வேணா சொல்லிக்கிறேன்."

"பயமா? எனக்கா?" அவன் கழுத்து நரம்பு புடைத்தது. "கோர்ட்டே என்னைய விட்டுட்டுது. விசாரணையத் தோல் பண்ணினவன் நான். எந்தக் கொம்பனும் மறுபடி கூப்பிட முடியாது, தெரியுமில்ல?"

"அப்ப என்ன கஷ்டம்? அவன் பேரு வச்ச படகுலதான உக்காந்திருக்க. எவனாலும் உன்னைத் தொட முடியாது. சொல்றதுக்கும் தைரியமில்லயா? செத்தவன் மேல பழியப் போட மட்டும்தான் தைரியமா?"

இரண்டாவது படகும் தாண்டியது. முனையிலிருந்து போதகர், "எப்பி, போதும், தோல் பண்ணு கண்ணு" என்று தொடங்கினார். நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஆர்ச்சி கரையைத் திரும்பிப் பார்த்தான், போகிற படகுகளைப் பார்த்தான், கடைசியில் என் பையைப் பார்த்தான்.

"ஆமாடி! நான்தான் கழட்டினேன்! வலை இழுக்க நேரமாவுதுன்னு விடியக்காலைலயே கழட்டிக் கீழ போட்டேன். வேண்டாம் ஆர்ச்சி, மாட்டிரலாம்னு ரெண்டு தடவ வந்து நின்னான் உன் தம்பி. பொம்பளயாடா நீ, போய் வேலயப் பாருன்னேன். போதுமா? இப்ப என்ன கிழிச்சிருவ நீ?"

வேண்டாம் ஆர்ச்சி. அவன் சொல்லியிருக்கிறான். ரெண்டு தடவை போய் நின்றிருக்கிறான். அழக்கூடாது, இங்கே அழக்கூடாது என்று சுக்கானை இறுக்கிப் பிடித்தேன். டாட் தன் துடுப்பைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தான். தீர்ப்பு நாளன்று ஆர்ச்சி வாங்கிக் கொடுத்ததைக் குடித்தவர்களில் அவனும் ஒருவன். ஆர்ச்சியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பையிலிருந்து முளையை எடுத்து நீட்டினேன். நல்ல முளை, ரேகை நெடுக்கே ஓடுவது. என் தம்பிக்காகச் செய்ததுபோல் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆர்ச்சி பிடுங்கி, உடைந்த அடிப்பாதியைக் குத்தித் தள்ளிவிட்டு, தண்ணீர் இறைக்கும் தட்டால் அதைத் துளையில் அடித்து இறக்கினான்.

மிஸ் பார்க்ளே தினமும் செய்தித்தாளை வரி விடாமல் படிப்பவர். அவர் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன்.

"ஆர்ச்சி," என்றார், "அந்தச் சட்டம் இப்ப…"

"இழுங்க!" என்று கத்தினேன். "பேசாம இழுங்க டீச்சர்!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து துடுப்பைப் போட்டார். டாட் போட்டான். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாகப் போட்டார்.

ஆர்ச்சி வெறிகொண்டு இழுத்தான். முளை முனகியது, தாங்கியது. பந்தயம் தோற்றுவிட்டது, இருந்தும் அவன் விடவில்லை, ஊர் பார்க்கிறதே. துடுப்பு வலிக்கிறவனுக்கு முதுகுதான் கரைக்கு. போகிற இடம் அவனுக்குத் தெரியாது. சுக்கான் பிடிப்பவளுக்குத் தெரியும். பந்தயம் முடிகிற கொடியை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டேன். நேரே துறைமுகப் படிக்கட்டு. அங்கே கூட்டத்தை ஒதுக்க நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்றான் ஆர்ச்சி, மூச்சு வாங்க.

"பக்கத்துலதான்," என்றேன். "நல்லா இழு."